அழுக்கென்று நான் துடைத்த பசை

உழவர்கரை
16-11-2005

அன்பு மகள் கலைவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீ அந்த நொய்டா குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் போட்டிருக்கிறார் என்று கவரைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொல்லத்தான் பல தடவை வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஞாயிறுதோறும் பேசுகிற கம்ப்யூட்டர் கேமராவில் சொல்லலாம் என்றால் முகத்தைக் காட்ட வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

இங்கே தீபாவளியிலிருந்து விடாத மழை, நம் தெருமுனையில் தண்ணீர் தேங்கி ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டேன் என்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது, இருந்தாலும் வாசலில் வருகிற மீன் ஆகாதாம், பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினால்தான் அவளுக்குத் திருப்தி. உனக்குப் போட்டு வைத்த அதிரசத்தைக் கூரியரில் அனுப்பச் சொல்லி என்னைப் பிடுங்குகிறாள், மழை விட்டதும் அனுப்புகிறேன். பார், எழுத உட்கார்ந்தும் மழை, மீன், அதிரசம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்ப்யூட்டர் இன்னும் ரிப்பேரில் கிடக்கிறது என்று போன வாரம்கூட உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். உன் சிநேகிதி பெனிஷா அதை எப்போதோ சரிசெய்துவிட்டாள், நன்றாக ஓடுகிறது. அதைக் கெடுத்தவனும் நான்தான், கெடுத்துவிட்டு மறைத்தவனும் நான்தான்.

மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு ஆயுத பூஜை என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். முதல் நாளே மிஷினைப் பிரித்து, பழைய கிரீஸை வழித்தெடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பளபளவென்று துடைத்து, உள்ளே இருக்கிற மெயின் பாகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால்தான் எங்களுக்குப் பூஜை. வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி வாங்கப் போகிறவனைச் சோம்பேறி என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். போன வருஷம் நீ இருந்தாய், மானிட்டருக்கும் டப்பாவுக்கும் வெளியே பொட்டு வைத்தாய், நானும் பேசாமல் இருந்தேன். இந்த வருஷம் நீ இல்லை. நீயும் பெனிஷாவும் கூடத்தில் பேப்பரை விரித்துப் போட்டு, பாலிடெக்னிக்கில் படித்ததையெல்லாம் வைத்து, சென்னை ரிச்சி தெருவில் பார்த்துப் பார்த்து வாங்கிய பாகங்களை மாட்டிக் கட்டிய மிஷின், அதற்குப் போய் அரைகுறைப் பூஜையா என்று எனக்கு ஒரு வீம்பு. பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். நீ ஒரு நாள் ஃபேனைக் காட்டி, இதுக்குக் கீழதாம்பா மூளை இருக்குது என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஃபேனையும் அதன் கீழே இருந்த அலுமினியக் கட்டையையும் கொக்கியை நீக்கி எடுத்தேன். மூளையின் தலைமேல் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை அப்பியிருந்தது. கிரீஸ் என்றால் சுற்றுகிற இடத்தில்தான் இருக்கும், இங்கே சுற்றுவது ஒன்றும் இல்லையே, அப்படியானால் இது அழுக்குதான் என்று என் ஃபிட்டர் புத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டது. கட்டையின் அடியில் ஒட்டியிருந்ததையும் சேர்த்துச் சுரண்டித் துடைத்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி, நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்துப் பழையபடி மூடினேன். அம்மா கற்பூரம் காட்டினாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் அந்த நோய் வந்தது. போட்டால் ஓடும், கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும், ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடும், மறுபடி அணையும். உன் முகம் பாதியில் நின்று இருட்டாகிப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். மறுநாளே பெனிஷா வந்தாள். வந்ததும் முதல் கேள்வி, அங்கிள், டப்பாவ யாராச்சும் தொறந்தீங்களா என்றுதான். யாரும் தொடலியேம்மா என்று சொல்லிவிட்டேன். பூஜை செய்ததால் மிஷின் கெடும் என்று எனக்குத் தோன்றவில்லை, அது நிஜம். ஆனால் திறந்தேன் என்று சொன்னால் ரிட்டையர் ஆன கிழவன் கையை வைத்துக் கெடுத்துவிட்டான் என்று ஆகிவிடுமே என்று நாக்கு முந்திக்கொண்டது, அதுவும் நிஜம். பாவம் அந்தப் பெண், மழையில் நனைந்துகொண்டு ஸ்கூட்டியில் வந்து, மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினாள், வயர் வயராகப் பிடுங்கிச் செருகினாள், விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாள். யாரும் திறக்கவில்லை என்று நான் சொன்னதால் அந்த ஃபேன் பக்கம் அவள் போகவே இல்லை. அது நீ மாட்டியது, அதில் குறை இருக்காது என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நீயும் போனில் அதே கேள்வியைக் கேட்டாய், உனக்கும் அதே பொய்யைச் சொன்னேன். அதற்கு நீ, அப்ப நாந்தாம்பா ஏதோ சரியா மாட்டாம வுட்டுட்டேன் போலருக்குது என்று சொன்னாய். இல்லை கண்ணு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். உம் என்றேன். நான் சொன்ன பொய்யையெல்லாம்விட அந்த உம்தான் என்னை அரிக்கிறது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியாதது. பெனிஷா தன் வீட்டு மிஷினிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினாள், கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்ததில் அணையவில்லை, சரியாகிவிட்டது என்று நினைத்து மார்ட்டின் சாரை அழைத்து வந்துவிட்டாள். அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் நீங்கள் இரண்டு பேரும்தான் கட்டித் தருவதாக நீ ஊருக்குப் போகும்முன் பேசிவைத்திருந்தாயே, அதற்கு மாதிரி பார்க்க வந்தார். அம்மா காபி போட்டாள். அவர் ஒரு பக்கம் டைப் செய்து பார்த்தார், தலையாட்டினார், பெனிஷாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து மிஷின் பட்டென்று அணைந்தது. எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது, யாரும் பார்க்கவில்லை, குற்றமுள்ள நெஞ்சுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எம் பொண்ணு ஏதோ வெளாட்டுக்குக் கட்டுனது சார், பொட்டப் புள்ளைங்க வேலைன்னா இப்பிடித்தான் இருக்கும், நீங்க கம்பெனி மிஷினாவே வாங்கிக்குங்க என்று சொன்னேன். தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு என் மகள் கட்டியது என்று காட்டிக்கொண்டிருந்த அதே வாய்தான். பெனிஷா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். மார்ட்டின் சார் காபியைக் குடித்துவிட்டு, பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாளும் அவள் வந்தாள். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், வீட்டில் நான் மட்டும்தான். இந்தத் தடவை நேராக ஃபேனைக் கழற்றினாள். காய்ந்த சந்தனமும் குங்குமமும் கட்டையின் அடியில் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தன. அந்தோணியார் படம் மாட்டிய வீட்டுப் பெண், அவள் வைத்த பொட்டு இல்லை, நீயும் ஊரில் இல்லை, யார் வைத்தது என்று அவள் யாரைக் கேட்க வேண்டும்? என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துடைத்து, ஒரு சின்ன ட்யூபிலிருந்து புதுப் பசை தடவி, மாட்டிவிட்டு, பேஸ்ட் காஞ்சி போயிருந்துச்சி அங்கிள், இனிமே நிக்காது என்றாள். அந்தப் பசைதான் மூளையின் சூட்டைக் கட்டைக்குக் கடத்துமாம், அது இல்லாவிட்டால் எரிந்துபோகாமல் இருக்க மிஷின் தானாகவே அணைந்துகொள்ளுமாம். சூடேறினால் வாயை மூடிக்கொள்ள அதற்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு மிஷின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, சென்னையிலிருந்து ஒரு பாகம் வரவேண்டுமாம் என்று அம்மாவிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். ஓடுகிறது என்று தெரிந்தால் உன்னைக் கூப்பிடச் சொல்லுவாள், நீ என் முகத்தைப் பார்ப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வழக்கம்போலத் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு வந்தவள், துண்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்து, எம் புத்தியப் பாரு என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பெனிஷா வீட்டுக்குப் போனேன். கேட்டிலேயே நின்று, நான் பேசியது தப்பும்மா, திறந்ததும் நான்தான் என்று சொன்னேன். அவள், எனக்குத் தெரியும் அங்கிள், எங்கிட்ட பொய் சொன்னதகூட வுடுங்க, வாணி, நாந்தான் தப்பா மாட்டிட்டேன்னு நெனச்சிகினு கெடக்குறா, நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க என்றாள். அங்கிருந்து நேராக மார்ட்டின் சாரிடம் போனேன். பிள்ளைகள் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, அப்ப பொண்ணுங்க வேலையில கொற ஒண்ணும் இல்லியே என்று கேட்டார். இல்லைங்க சார், குறை என்னிடம்தான் என்றேன். ஆனால் சென்னையில் ஒரு கடைக்கு அவர் ஆர்டர் கொடுத்து, மிஷின்களும் வந்து இறங்கிவிட்டன. அதை நான் எப்படித் திருப்புவேன் வாணி? என் வாயால் போன வேலை அது. இப்போது கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவர் என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். துண்டை எடுத்து என்மேலேயே வீசினாள், இரண்டு நாளாகப் பேச்சு இல்லை, சோறு மட்டும் போடுகிறாள். நீ அங்கே புதிதாக எதையாவது கட்டும்போது, நம்ம கை சரியில்லையோ என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ மாட்டியது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெனிஷாவுக்கு ஒரு போன் போட்டுப் பேசு. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. முருகன் அருளால் நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு மிஷினைப் போட்டு வைக்கிறேன், மறந்துவிடாதே. எப்போதும் அம்மா உட்கார்ந்திருப்பாள், நான் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். இந்தத் தடவை நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்து, திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு. நீ திட்டி முடித்ததும் எழுந்து அம்மாவுக்கு இடம் விடுகிறேன், அவள் பூ வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. கோவிந்தசாமி