வெயிலில் உட்கார வைத்த மாப்பிள்ளை

ஜூலை 3, புதன்

ராமநாதபுரத்து டாக்டரம்மா என் வீட்டுக்காரரின் ரத்த ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "வைட்டமின் டி ரொம்பக் கம்மி. வெயிலே படாம இருந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு. கீழக்கரையில் பிறந்த ஆளுக்கு வெயில் பஞ்சமாம்.

மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷமாகத் துபாய்க் குளிர்கிடங்கில் ராத்திரி வேலை, பகலில் திரை போட்டு உறக்கம். வெயிலை எங்கே பார்த்தார்? லீவில் வந்தவருக்கு இடுப்பும் முழங்காலும் வலி. சஜ்தாவுக்கு நெற்றி தரையில் படக் குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார்.

பஸ்ஸில் கேட்டார்: "கொல்சும், சரியாயிருமா? செப்டம்பர்ல திரும்பலன்னா வேற ஆளைப் போட்டுருவான்."

"சரியாயிரும் மச்சான்" என்றேன்.

ஜூலை 4

மறக்குமுன் எழுதி வைக்கிறேன். வாரத்துக்கு ஒரு மாத்திரை. பத்து மணிக்கு மேல் கை கால் தெரிய வெயில். சாளை மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இந்த டி இருக்கிறது. பால், கேழ்வரகு, முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் சுண்ணாம்புச் சத்து. டி இல்லாவிட்டால் அந்தச் சுண்ணாம்பு எலும்பில் சேராதாம். கொத்தனார் வராத வீட்டில் சிமெண்ட் மூட்டை இறக்கின கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 6

மீன்கார சேதுலட்சுமியிடம் சாளை கேட்டேன். கூடையை இறக்காமலே பார்த்தாள். துபாய் மாப்பிள்ளை வந்திருக்கும் வீட்டில் சீலா மீன்தான் வாங்குவார்கள். சாளை மலிவு மீன், அதை வைத்தால் மரியாதைக் குறைவு.

"அண்ணன் வந்திருக்காக, சாளை கேக்குறீக. சண்டையாக்கா?"

"ஆமா. முள்ளைத் தின்னே சாகட்டும்னு" என்றேன்.

இந்த வாய் என்றைக்குச் சும்மா இருந்தது.

ஜூலை 9

பத்தரைக்கு வாசலில் நாற்காலி போட்டேன். கைலி, கை இல்லாத பனியன். மச்சானுக்கு ஒரே வெட்கம். கொஞ்ச நேரத்தில் நைசாக உள்ளே வரப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டேன்.

"தொற புள்ள. தெருவே பாக்குது."

"கருவாடு இன்னும் காயல மச்சான்."

ஜூலை 15

கேழ்வரகுப் புட்டு. நெத்திலி. அவர் மூஞ்சி.

ஜூலை 19, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாவு முகம்மது மாமா வந்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையை ஜமாஅத்தில் பேசித் தீர்க்கிற பெரியவர். தண்ணீர்கூட வாங்கவில்லை.

"மகளே, சம்பாதிக்கையில ஒரு மாதிரி, முடியாமப் போனா ஒரு மாதிரியா? வெயில்ல ஒக்கார வச்சுக் கதவடைக்கிறியாம். சாளையா ஆக்கிப் போடுறியாம். முள்ளைத் தின்னு சாகட்டும்னு வேற சொன்னியாம்."

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். வாசலில் உட்கார்ந்தால் துரத்திவிட்டேன் என்றுதானே நினைப்பார்கள். மச்சானைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குகிறார், கள்ள மனுஷன். டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "எனக்கும் முட்டு வலி இருக்கு. அந்த டாக்டரு எந்தத் தெருவு?" என்றார்.

ஆகஸ்ட் 8

இன்று விடியற்காலை சுபுஹுக்கு மச்சான் தரையில் நெற்றி வைத்துத் தொழுதார். அடுப்படியிலிருந்து பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

அப்புறம்தான் உறைத்தது. இந்த முழங்கால் சரியானால் ஏர்போர்ட்டுக்கும் நடக்கும். ச்சீ, என்ன புத்தி இது? ஆனா பொய்யா? கல்யாணம் ஆன நாள்லருந்து லீவுல வந்த மனுஷனத்தானே நான் பாத்திருக்கேன். சாளைய நிறுத்திரலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்துச்சுதான் — யாருகிட்டச் சொல்ல.

மத்தியானம் சாளைக் குழம்புதான் வைத்தேன். முட்டையும் ஒன்று கூட.

ஆகஸ்ட் 27

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டி நன்றாக ஏறியிருக்கிறது. "திரும்ப இருட்டுல கெடந்தா திரும்ப எறங்கும்" என்றார் டாக்டரம்மா. பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

செப்டம்பர் 2

ஏஜென்ட் போன். பகல் வேலை உண்டா என்று மச்சான் கேட்டார். இல்லையாம். "அப்ப வேற ஆளைப் போட்டுக்கங்க காக்கா" என்று அந்த ஏஜென்ட் அண்ணனிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "மாசாமாசம் பணம் வராது கொல்சும்" என்றார். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

என் அண்ணன் ஏர்வாடியில் கடை கட்டுகிறார். மேற்பார்வைக்குக் காலையிலேயே மச்சான் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தார். நான்கு கவளம் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். லீவில் வந்த மனுஷன் ஒருநாளும் உப்பைப் பற்றிப் பேசினதில்லை.

"நாளைக்குச் சேத்துப் போடுறேன் மச்சான்" என்றேன்.