அம்மாவின் மாத்திரைப் பெட்டி

மகளே, நேற்று நான் சொன்னது சரியாக நினைவில்லை. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தால் சமுதாயம் என்னாகும் என்று கேட்டேன் போலும். "அது பாட்டுக்கு இருக்கும்ப்பா" என்று எழுந்து போனாய். உன்னோடு வந்த, நீ சேர்ந்து வாழும் அந்தத் தம்பி மட்டும் அம்மாவின் மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் அம்மாவிடமே நீட்டினேன். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாச்சு, உங்களுக்குத் தெரியல. அந்தத் தம்பிக்கு ஒரே நாள்ல தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

என் பயம் போகவில்லை. ஆனாலும் நம் வீட்டு மாற்றுச் சாவியை மேசைமேல் வைத்திருக்கிறேன், அவனுக்குத்தான். சாப்பாடு மூடியிருக்கிறது.

பி.கு.: அம்மா தூங்குகிறாள். நான் நூலகத்தில் இருப்பேன். தம்பி நேற்று சாப்பிடாமலே போய்விட்டான். இரு என்று நான் சொல்லவில்லை.