குச்சியிலிருந்து பத்தடி

ஏப்ரல் 6, திங்கள்

நான்காவது கூடும் போச்சு. கூடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கூழாங்கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவு குழி, அதில் கல்லைப் போலவே மூன்று முட்டைகள். உப்புக்கொத்திப் பறவைக்கு அதற்கு மேல் வீடு கட்டத் தெரியாது. சனிக்கிழமை மூன்றும் இருந்தன. இன்று ஓட்டுத்துண்டு மட்டும்.

ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குடிநீர் வாரியப் பொறியாளர் மதியம் போன் செய்தார். "மேடம், ரெண்டு வருஷமா கரைக்கு வேலி போட்டுக் குடுத்திருக்கோம். ஒரு குஞ்சுகூட வரல. இந்த சீசனும் வரலேன்னா வேலியை எடுத்துடுவோம். படகுத்துறைக்காரங்க கார் நிறுத்த இடம் கேட்டு என் உயிரை வாங்குறாங்க."

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டம், திட்டவும் முடியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

ஐந்தாவதும் போச்சு. நரியின் தடம் இல்லை, நாயின் தடம் இல்லை. பிறகு யார்?

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் "சாப்பிட்டியா?" என்றார். "இப்ப சாப்பாடு ஒண்ணுதான் கேடு" என்று எரிந்து விழுந்தேன். "முட்டையைத் திருடினது சாப்பாடு இல்லையே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11, சனி



கரையோரம் வண்டி பஞ்சர். மெக்கானிக் வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் நடந்து போனால் காகங்கள் பறந்துவிடும், வண்டியை அவை சட்டை செய்வதில்லை. ஒரு காகம் வந்து எங்கள் ஆரஞ்சுக் குச்சியின் மேல் உட்கார்ந்தது. கீழே குதித்தது. தண்ணீர்ப் பக்கம் திரும்பி, மார்க்கெட் போய்த் திரும்பும் குடும்பஸ்தன் மாதிரி நேராக நடந்தது. பத்தடி. நின்றது. குனிந்தது.

ஹாரனை அமுக்கிக்கொண்டே கதவைத் திறந்து ஓடினேன். ஒரு பயனும் இல்லை, ஆறாவதும் போச்சு.

கூட்டுக்குப் பக்கத்திலேயே அடையாளம் வைத்தால் பறவை மிரளும். அதனால் கரைப்பக்கம் பத்தடி தள்ளிக் குச்சி நடுவோம். மறுபடி கூட்டைப் பார்க்க வேண்டுமானால், குச்சியிலிருந்து தண்ணீரை நோக்கிப் பத்தடி. எல்லாக் கூட்டுக்கும் இதே விதி. எழுதியது நான். மூன்று வருடம் முன்பு, பெருமையாக.

இல்லை, இருக்காது. ஒரு காகத்துக்கு அவ்வளவு தெரியுமா?

நெட்டைக்குப் போன் செய்தேன். ஏழு வருடமாக என்னோடு இதே கரையில் வெயில் காயும் சக ஆராய்ச்சியாளர். பெயருக்கு முன்னால் உயரம் வந்துவிடும். "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கும்பா. ஒரு தடவை பார்த்ததை வச்சு முடிவு கட்டாதே" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கூடே இல்லாத மூன்று இடங்களில் குச்சி நட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தோம். நெட்டையின் முழங்கால் அவர் மூக்கையே இடித்தது.

காகம் வந்தது. குச்சி. குதித்தது. தண்ணீர்ப் பக்கம் பத்தடி. வெறுங்கல்லைப் பார்த்தது. தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தது. அடுத்த குச்சிக்குப் போய் மறுபடி பத்தடி.

"அடப்பாவி" என்றார் நெட்டை.

நான்தான். நானேதான். திருடனைத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சேனே, வீட்டு விலாசத்தை எழுதிக் குடுத்ததே நான்தானே! வேலியே பயிரை மேய்ந்த கதை என்று அடுத்தவர்களைச் சொல்வோம். இப்போது யாரைச் சொல்ல?

குச்சிகளை எல்லாம் பிடுங்கிவிடலாம் என்றேன். நெட்டை தலையை ஆட்டினார். "பிடுங்க வேண்டாம். நூறு நடுவோம். கண்ட இடத்துல. அலையட்டும்."

ஏப்ரல் 13, திங்கள்

மிச்சமிருந்த இரண்டு கூடுகளின் குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டோம். இனி அந்த இடங்கள் எங்கள் போன்களில் மட்டும். மற்றபடி கரை முழுக்க ஆரஞ்சுக் குச்சிகள். நேற்று மாலை உட்கார்ந்து அத்தனைக்கும் வண்ணம் அடித்தது இவர்தான். இவர் பல் டாக்டர். நகமெல்லாம் ஆரஞ்சு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"பல்லுக்குப் பயந்துகிட்டே வர்றவங்க, இன்னிக்கு என் கையைப் பார்த்து இன்னும் பயந்துட்டாங்க" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

காகம் குச்சி மேல் உட்கார்ந்திருக்கிறது. இறங்கக்கூட இல்லை. அலுத்துவிட்டது! அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். ஆனாலும் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

முட்டையை இழந்த பறவைகளில் மூன்று ஜோடி மறுபடி குழி பறித்திருக்கின்றன.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஐந்து கூடு. எல்லாவற்றிலும் முட்டை. மேலே எழுதப் பயமாக இருக்கிறது.

மே 8, வெள்ளி

நேற்று மாலை நெட்டை போனில் "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தினார். வேறு வார்த்தை வரவில்லை. இன்று காலை பொறியாளரைக் கூட்டிப் போனோம்.

தாய்ப்பறவை ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், குஞ்சுகள் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டன.

"குஞ்சு எங்க மேடம்?"

"உங்க முன்னாடிதான் சார்."

"கல்லுதானே இருக்கு?" என்று காலைத் தூக்கினார். அவர் ஷூவுக்குப் பக்கத்தில் இருந்த கல் ஒன்று எழுந்து ஓடியது.

"வைக்காதீங்க!" நானும் நெட்டையும் ஒரே நேரத்தில் கத்தினோம். கனத்த உடம்பு, ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டு நின்றார். நெட்டை ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தார். இன்னொரு கல் எழுந்தது. அப்புறம் இன்னொன்று. பஞ்சு உருண்டைக்குக் குச்சிக்கால் வைத்த மாதிரி, குடுகுடுவென்று தாயிடம் போய்ச் சேர்ந்தன.

"மேடம், இப்பவாவது கீழ வைக்கலாமா?" என்றார் பரிதாபமாக. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காலை ஊன்றியபிறகும் அவர் நகரவில்லை. "இங்கயா கார் நிறுத்த விடப் பார்த்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மே 19, செவ்வாய்

காலையில் ஏரிக்குப் போனேன். வாரியத்து ஆட்கள் வேலிக்குப் புதுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் கம்பியைத் தாண்டியதும் ஒருவர் தூரத்திலிருந்து அதட்டினார்.

"அம்மா! பார்த்துக் கால வைங்க. கீழ குஞ்சு இருக்கு. இன்ஜினியர் யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.