மாத்திரையும் இரும்புக் குண்டும்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், நானும் நலம் என்று எழுதப் போனேன், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா தடுத்துவிட்டாள். அந்தக் குளிர் தேசத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள மயிலம் முருகன் துணையிருக்கட்டும். போனில் சொன்னால் நடுவில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேனாம், அதனால் பேப்பரைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள்.

நீ அழுததிலிருந்து மனசு சரியில்லை. கவனம் ஒன்றில் நிற்காமல் தாவுகிற ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களுக்கு மாத்திரையோடு கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சியும் கொடுத்தால் கூடுதலாகக் குணம் தெரியுமா என்று ஆராய்ச்சியில் பார்த்தாய். பயிற்சி செய்தவர்கள் அந்த விளையாட்டில் மட்டும் கெட்டிக்காரர்கள் ஆனார்கள், வீட்டிலும் வேலையிலும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைப் போலத்தான் இருக்கிறார்கள் என்று முடிவு வந்துவிட்டதாகச் சொன்னாய். வந்ததை வந்தபடியே எழுதிக் கொடு என்று உங்கள் பேராசிரியர் சொன்னாராம், நீயோ இத்தன வருசம் வீணாப் போச்சு, எழுதிக் குடுக்காமலே கெளம்பி வந்துடறேம்பா என்றாய். நீ அழும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்றால் கோபித்துக்கொள்வாய். ஏனென்றால் நீ அத்தனை பேரை வைத்துக் கண்டுபிடித்ததை நான் ஒரே மத்தியானத்தில் புருஷோத்தமன் வீட்டுக் கூடத்தில் நிரூபித்துவிட்டேன். நீ சொல்லித்தானே போன வருஷம் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், எனக்கும் அதேதான் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு நீ மூளைப் பயிற்சியைப் பற்றி விளக்கினாயே, அதை நான் சாயங்காலம் இரும்புக் குண்டு வீசிப் பெத்தாங்க் ஆடுகிற திடலில் எடுத்துவிட்டேன். நம் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் விஜயராகவன், குறி பாத்து இரும்புக் குண்டு போடறத வுட மூளைக்கு வேற என்னய்யா பயிற்சி, ஆட்டமே மருந்துன்னா மாத்திர எதுக்கு என்றார். மாத்திரையும் சேர்ந்துதான் என்று நீ சொன்னது ஞாபகம் வரவில்லை, வந்திருந்தால் எனக்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. மாத்திரையை நிறுத்திவிட்டு, மத்தியானமும் ஆடி ஆட்டத்தை இரட்டிப்பாக்கினேன். குண்டைத் தூக்கினாலே முறைக்கிற உன் அம்மா, மகள் ஆராய்ச்சி என்றதும் வாயை மூடிக்கொண்டாள். குறியும் தப்பவில்லை, குறியாகப் போட்ட சின்ன மரக் குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாற்போல் விழுந்தது. நான்தான் பெரிய பிளம்பர் ஆயிற்றே, புருஷோத்தமன் வீட்டில் பழைய குழாயைக் கழற்றி, துரு போகட்டும் என்று தொட்டி வால்வைத் திறந்துவிட்டு, வாஷர் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். வழியில் திடலில் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது, இறங்கிவிட்டேன். திரும்பி வந்தால் புருஷோத்தமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுகிறார். அவர் சம்சாரம் மேனகா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, குழா மாத்தச் சொன்னா ஏரிய ஒடச்சி வுட்டுட்டுப் போயிட்டியேண்ணா, ஜெயிச்சியா தோத்தியா அதையாவது சொல்லு என்றது. ஜெயித்தேன் என்று சொல்லிவிட்டேன், அதுதான் தப்பு.

மறுநாள் டாக்டரிடம் போனேன், நீங்களா நிறுத்திக்கிறதுக்கு நான் எதுக்குங்க இங்க என்று திட்டினார். மாத்திரை திரும்ப ஆரம்பித்தாயிற்று, அந்த வீட்டு வேலையையும் முடித்துக் கொடுத்தாயிற்று. கண்ணு, உன் முடிவு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்தக் கூடம் நனைந்திருக்காது. இங்கே கசிவு இல்லை, இந்தச் சுவரை விட்டுவிடு என்று சொல்ல ஆளில்லாமல் நான் வீணாக உடைத்த சுவர்கள் எத்தனையோ. நீ கண்டது, இந்தச் சுவரை உடைக்காதே என்கிற அந்த மாதிரி சேதி. ஆட்டத்தை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போடுகிற யோசனை எனக்கு மட்டும் வந்திருக்காது, அவ்வளவு புத்தி எனக்கு ஏது. இன்னும் எத்தனை பேர் வால்வைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறார்களோ, அவர்களுக்கு யார் சொல்வது?

நீ கிளம்பி வரப்போவதாக அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. பாதியில வுட்டுட்டு வர்றதுக்கு இந்த வூட்ல ஏற்கனவே ஒரு ஆள் இருக்குது, ரெண்டாவது ஆளுக்கு எடமில்லன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். உங்கள் பேராசிரியர் சொன்னபடி, வந்ததை வந்தபடியே எழுதிக் கொடு, அதற்குப் பிறகு டிக்கெட் போடு. நீ நல்லபடியாக இருப்பாய் என்று ஆசீர்வதிக்கிறேன். இது ஒன்றையாவது அப்பா முழுசாகக் கொடுக்கிறேன்.

உன் அப்பா,
கோ. தெய்வசிகாமணி