ஓடுற பெட்டி

ஏட்டி, இன்றைக்குக் காலையில் ஒரு அழி ரப்பர் வாங்கினேன். பக்கத்துக் கடையில் வெள்ளை ரப்பர் தீர்ந்துவிட்டதாம். பிள்ளைகள் வாங்குகிற ரோஸ் நிற வாசனை ரப்பர்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்து, விசைத்தறிக்காரர் ஒருவருடைய கம்ப்யூட்டரில் ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பற்களில் ஏறிய அழுக்கைத் தேய்க்க ஆரம்பித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நீ வேண்டுமென்றே இந்த ரப்பரைத்தான் வாங்குவாய். கேட்டால், "ராமுக்குப் பவுடர் போட்டு விடுதேன்" என்பாய். தறிக்காரர் எதிரில் நின்றார். கண்ணில் தூசி என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

தூசி என்றதை அவர் நம்பியிருப்பார். தறிக்கூடத்திலிருந்து வருகிற பெட்டிகள் எப்படி இருக்குமென்று உனக்குத் தெரியாதா? ஊரெல்லாம் சிபியு என்று சொல்வதை நாம் இருவரும் பெட்டி என்றுதான் சொன்னோம். மூடியைத் திறந்தால் உள்ளே விசிறியைச் சுற்றி ஒரு தலையணைக்கு ஆகும் அளவு பஞ்சு கிடக்கும். நீ புளோயரைப் பிடிப்பாய், நான் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொள்வேன். ஒரு பெட்டியில் பவர் சப்ளை போயிருக்கும், இன்னொன்றில் மதர்போர்டு போயிருக்கும். போனதைக் கழித்து நல்லதைச் சேர்த்து, இரண்டை ஒன்றாக்கி ஓடவிடுவதுதான் நம் பிழைப்பு. ரத வீதிப் பக்கம் இரண்டு பொம்பளைகள் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே முதலில் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வேலையில் நீதான் கெட்டிக்காரி. ஆனால் உன் கை சும்மா இருக்காது. குருவிகுளத்துப் பள்ளிக்கூடத்துப் பெட்டி ஓடாமல் வந்தபோது, அலமாரியில் இருந்த இன்னொரு பெட்டியிலிருந்து ராமை உருவி அதில் சொருகிப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அது ஓடியதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியார் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். ராமும் அவரோடு போனது. சாயங்காலம் புளியங்குடி எலுமிச்சை மண்டி அண்ணாச்சி வந்தார். அவருடையதுதான் அந்த அலமாரிப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் பீப் பீப் என்று கத்துகிறது.

"விசிறி மாத்தத்தானம்மா கொடுத்தேன். நல்லா ஓடுனத என்ன செஞ்சிய?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை வைத்துக்கொண்டே உன்னைப் பிடித்துக் கத்தினேன். "இனிமே ஓடுற பெட்டில நீ கை வைக்கக் கூடாது. செத்த பெட்டில இருந்துதான் எடுக்கணும். ஒண்ண ஓட வைக்க இன்னொண்ண நிறுத்துவியாட்டி?" நீ அசராமல் காதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தோப்புக்கரணம் போட்டாய். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதுவே நம் கடையின் சட்டமானது.

உன் கால் வீங்க ஆரம்பித்தபோது, நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால்தான் என்று நினைத்தோம். செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. உன் அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். பிறகு திருநெல்வேலியில் டாக்டர் சொன்னார், இரண்டு கிட்னியும் போய்விட்டதென்று. டயாலிசிஸுக்கு உன்னோடு நான்தான் வந்தேன். ஊசி குத்திக் குத்தி உன் கை புடைத்துப்போய்க் கிடக்கும். அதே கையால் மறுநாள் கடையில் ஸ்குரூவைத் திருகுவாய். நான் பிடுங்கினால் முறைப்பாய்.

வேறு கிட்னி வைத்தால் பிழைப்பாய் என்றார்கள். உன் அம்மாவுக்குச் சர்க்கரை. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கும் உனக்கும் ஒரே ரத்த வகை. வெளியாள் கொடுப்பதென்றால் கமிட்டி அனுமதி வேண்டும், அலைய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அலைகிறேன் என்றேன். என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம், "ஒன் மனசு கேக்காது, கொடு" என்றுவிட்டார். எல்லாம் கூடி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டயாலிசிஸ் முடிந்து திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம் சாய்ந்திருந்த உன்னிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ வெளியே கிடந்த கரிசல் காட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாய்.

"ஓடுற பெட்டில கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாருட்டி?"

"கிறுக்கி, அது கம்ப்யூட்டருக்குட்டி."

"எனக்கும் அதான். ஒனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு. நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கு யாரு இருக்கா?"

"ஒரு கிட்னியோட ஊர்ல எத்தன பேரு நல்லா இருக்காவ. டாக்டரே சொல்லுதாரு."

"மண்டி அண்ணாச்சி பெட்டியும் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு" என்றாய். பிறகு உன் அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன், டாக்டரை விட்டுக் கேட்கச் சொன்னேன். கமிட்டி மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கடைசிவரை பிடித்த பிடியில் நின்றாய். உயிர் போகிற விஷயத்தில் ஒருத்திக்கு இத்தனை வீம்பு ஆகுமா? நீ போன அன்று எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. உன்னை எழுப்பி உட்கார வைத்து நாலு அறை விடவேண்டும் போலிருந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

கடை நடக்கிறது. பழைய பெட்டிகளைப் பிரிக்கிறேன், சேர்க்கிறேன். செத்த பெட்டி என்கிற சொல்தான் வாயில் வர மறுக்கிறது. ஓடாத பெட்டி என்கிறேன். புளோயரையும் துப்பட்டாவையும் ஒரே ஆளாகச் சமாளிப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் இடுப்புவலி பொறுக்காமல் ஸ்கேன் எடுக்கப் போனேன். ஸ்கேன் எடுக்கிற பெண் வயிற்றில் ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கும்மா. பயப்படாதிய." உன் சாவுக்கு வராத அழுகை எல்லாம் அந்தக் கட்டிலில் வந்தது. நல்ல செய்திதானே சொன்னோம் என்று அவள் பயந்துபோனாள். அவளிடம் என்னவென்று சொல்ல?

அதில் ஒன்று உன்னுடையது, ஏட்டி. நீ வேண்டாமென்று சொன்னதால் அது என்னுடையதாகிவிடவில்லை. இடதா வலதா என்று தெரியாமல் இரண்டையும் சுமந்துகொண்டு திரிகிறேன்.