மேட்டில் வண்டி தள்ளியவள்

ஜூன் 5

லீவு கிடைத்துவிட்டது. லேப் முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். "ரத்தம் எடுக்க ஆளில்லாத நேரத்துல சைக்கிளா?" சைக்கிள்தான். மின்சார சைக்கிள், வாடகைக்கு. கடலோரமாகவே போய்க் கலங்கரை விளக்கத்தில் முடிகிற பயணம். நான், ஆடிட்டர், அவருடைய சிநேகிதர் பல் டாக்டர், அப்புறம் குள்ளி. பள்ளிக்கூடத்திலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். முட்டியில் ஆபரேஷன் ஆகி வருஷம்கூட ஆகவில்லை. "அந்த ரெண்டு பேரோட நீ மட்டும் தனியா போவியா? நானும் வரேன்டி" என்று கிளம்பிவிட்டாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று ஆடிட்டர் கேட்டதற்கு, கலங்கரை விளக்கத்தில் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அம்மா இப்போதே மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறாள்.

ஜூன் 8

முதல் நாள். நாலு பேட்டரியும் ஒரே மாதிரி, சாவியும் ஒரே சாவிதான். எனக்குக் கை சும்மா இருக்குமா? லேபில் ரத்தக் குழாயில் ஒட்டுகிற பேர்ச்சீட்டை அவரவர் பேர் எழுதி நாலுக்கும் அடிப்பக்கம் ஒட்டிவிட்டேன். "எங்க வந்தாலும் லேப் புத்தி போகாது உங்களுக்கு" என்று ஆடிட்டர் சிரித்தார். அழகாகத்தான் சிரிக்கிறார்.

பல் டாக்டர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுகிறார். நாள் முழுக்க ஊரார் சளியும் மலமும் பார்ப்பவள் நான், முகம் சுளித்ததில்லை. ஒரு நகம் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. உவ்வே.

ஜூன் 9

ஒரே எதிர்காற்று. பல் டாக்டர் இன்றைய டிராயரைத் துவைக்காமல் நாளைக்கும் போடுவாராம். "உள்பக்கத்தை வெளியே திருப்பிட்டா புதுசுதானே." சீ.

ஆடிட்டர் அப்படியில்லை. காலையில் நாலு பேட்டரியையும் அவரே வண்டிகளில் மாட்டிவிடுகிறார். பொறுப்பானவர் என்று எழுதத் தோன்றுகிறது.

ஜூன் 10

பெரிய மேடு. பறந்தேன்! வேர்வைகூட இல்லை. குள்ளியின் வண்டி பாதி மேட்டிலேயே உயிரை விட்டது. அந்தக் கனத்தை இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். நாங்கள் மேலே நிழலில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு வாய் கம்மியா சாப்பிட்டிருந்தா சார்ஜ் நின்னிருக்கும்" என்றார் ஆடிட்டர். பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். குள்ளியும் சிரித்தாள். "என் வெயிட்டுக்கு லாரிதான் சரி" என்றாள். அவள் முட்டி வீங்கியிருந்தது.

அதே நாள், சாயங்காலம்

சார்ஜ் போட என் வண்டிப் பேட்டரியைக் கழற்றினேன். அடியில் குள்ளியின் பேர். என் கையெழுத்தேதான். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆடிட்டரிடம் போய்க் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"உங்க பேட்டரி பிளக் லூசா இருந்து சார்ஜே சரியா ஏறல. மேடு வருதே, நீங்க திணறக் கூடாதுன்னு மாத்திவிட்டேன். உங்களுக்காகத்தானே?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"அவங்க என்ன சொல்லப் போறாங்க? உங்ககூட வந்தவங்கதானே."

தெரிஞ்சே தள்ளவிட்டு, தெரிஞ்சே அந்த ஜோக்கும் அடிச்சிருக்கான். என்னவோ நகை வாங்கிக் கொடுத்த மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான்! பல் டாக்டரோட நகம் எவ்வளவோ தேவலை, தட்டிவிட்டா போச்சு. இதை எங்கே தட்டிவிட? அவ சார்ஜ்ல அந்த மேட்டை ஏறினது நான்தானே. அவன் கெடக்கட்டும், நான் ஏன் சிரிச்சேன்?

ஜூன் 11

குள்ளியிடம் சொன்னேன். முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்டி. வண்டி நின்னதுமே கழட்டிப் பாத்தேன். உன் பேர் இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீதான் மாத்தினேன்னு நெனச்சேன். அவர் முன்னாடி மூச்சு வாங்கக் கூடாதுன்னு உனக்கு இருந்திருக்கும். கல்யாண விஷயம், போகட்டும்னு விட்டுட்டேன்."

"நான் மாத்தலடி" என்றேன்.

"சரி" என்றாள்.

வெறும் சரி. அவ்வளவுதான்.

ஜூன் 12

மோட்டாரை அணைத்துவிட்டுக் குள்ளிக்குப் பின்னாலேயே மிதித்தேன். தொடை கழன்று விழுகிற மாதிரி வலி. "சார்ஜ்தான் இருக்கே, ஏன் இந்த வீம்பு?" என்று ஆடிட்டர் திரும்பி வந்து கேட்டான். மிதித்துக்கொண்டே இருந்தேன்.

கலங்கரை விளக்கம் வந்ததும் கேட்டான். வேண்டாம் என்றேன்.

"ஒரு பேட்டரிக்காகவா?"

ஆமாம். ஒரு பேட்டரிக்காகத்தான்.

ஜூன் 14

அம்மா பேசுவதில்லை. தட்டை மட்டும் டங்கென்று வைக்கிறாள்.

ஜூலை 2

முட்டி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு குள்ளி லேபுக்கு வந்தாள். எப்போதும்போல என்னிடம்தான் கையை நீட்டினாள். நரம்பு ஒரே குத்தில் கிடைத்தது. தன் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பேர் எழுதி ஒட்டி, குழாயை ஸ்டாண்டில் வைத்தேன்.

எழுந்தவள், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, குழாயை எடுத்துத் திருப்பிப் பேரைப் படித்தாள். பிறகு திரும்ப வைத்துவிட்டு, "வரேன்டி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.