காரா, காசா

மார்ச் 4

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நீங்கள் கட்டும் பல் செட்டுகளும் நலம்தானே? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசுவதெல்லாம் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "சரி, வச்சிடவா" என்பதோடு முடிந்துவிடுகிறது. நடுவில் உங்கள் மோட்டார் வேறு கர்ரென்று அரைக்கிறது. அதனால் எழுதுகிறேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. இனிமேல் இந்த வட்டாரத்துக் கண்ணாடிக் கடைகள் எல்லாம் என் பொறுப்பு. லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி என் வலது தோள் சரிந்துவிட்டது என்று கேலி செய்வீர்களே, அதற்கும் விடிவு வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "காரா, காசா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றார். கம்பெனி கார் கேட்டால் தருவார்கள், சொந்த வேலைக்கும் ஓட்டிக்கொள்ளலாம். கதவில் பெரிதாக ஒரு கண் படம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். கார் வேண்டாம் என்றால் அதற்கு ஈடாக மாதா மாதம் சம்பளத்தோடு கூடுதல் பணம்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். "வீட்டுலன்னா?" என்றார். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆனதே அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கார் வாங்கினால் சனிக்கிழமை மதியம் கிளம்பி இருட்டுவதற்குள் உங்களிடம் வந்துவிடலாம். பஸ்ஸில் வருவது போல நாள் முழுக்கப் போகாது. பணம் வாங்கினால் இந்த ஒற்றை அறையை விட்டுவிட்டு இரண்டு அறை வீடாகப் பார்க்கலாம். உங்கள் மேஜைக்கும் மோட்டாருக்கும் இடம் இருக்கும். ஆறு மாதத்தில் நானும் வந்துவிடுகிறேன் என்று என்னைப் பஸ் ஏற்றும்போது சொன்னீர்கள் அல்லவா? இங்கேயும் மனிதர்களுக்குப் பல் விழத்தான் செய்கிறது.

மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதுதான்.

அன்புடன்,
கண்ணாடிக்காரி


மார்ச் 10

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். வட்டாரத்துக்கே ராணி ஆகிவிட்டாய். எதிர்க்கடைத் தையல்காரரிடம் சொன்னேன். "அப்ப உங்க பாடு ஜாலிதான்" என்றார். என்ன ஜாலி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே தலைக்கு மேல் வேலை. டாக்டரம்மா அனுப்பிய ஒரு பெரியவருக்குச் செட் கட்டிக் கொடுத்தேன். "இது என் சிரிப்பு இல்ல" என்று கழற்றி மேஜையில் வைத்துவிட்டாராம். இப்போது கல்யாணப் போட்டோ ஒன்றைக் கொடுத்தனுப்பி, அதில் இருக்கிற சிரிப்புதான் வேண்டும் என்கிறார். நானும் மெழுகில் வைத்து வைத்துப் பார்க்கிறேன். வந்தபாடில்லை.

கார் விஷயம். காரையே வாங்கிக்கொள். தோளுக்கு நல்லது. பணம் கைக்கு வந்தால் எங்கே போகிறது என்றே தெரியாது. வண்டி என்றால் கண்ணுக்கு எதிரே நிற்கும். பெரிய வீடு எடுத்தால் பெருக்குவது யார்? நீ வெளியே சுற்றுகிறவள், நான் பிளாஸ்டர் தூளில் புரள்கிறவன்.

ஓட்டிப் பழகும்வரை கூட்டமான தெருவுக்குள் கொண்டுபோகாதே. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார். வேளா வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பல்லுக்காரன்


மார்ச் 16

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தையல்காரர் இருக்கிறார், பெரியவரின் சிரிப்பு இருக்கிறது, டயர்கூட இருக்கிறது. இங்கே வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்களிடம் சொல்லாமல் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது மாடி. உள்ளறையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே ஒரு குழாய். பிளாஸ்டர் கரைக்க நீங்கள் சமையலறைக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டுக்கார அம்மா, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார்.

"பல் செட் கட்டுறார்."

"ஐயய்யோ, அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கு இந்தப் பக்கம் ரெண்டு இல்ல, பாருங்க!" என்று வாயைத் திறந்தே காட்டிவிட்டார். "எப்ப வர்றார்?"

"வந்துடுவார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் முதல் கடைக்குள் நுழைந்து வாயைத் திறந்தால் குரல் வருவதில்லை. கனைத்துக்கொண்டுதான் விலை சொல்கிறேன். கடைக்காரர் ஜலதோஷமா என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன். வாரா வாரம் ஜலதோஷம்.

நான் கேட்டது உங்களுக்குப் புரியவில்லை என்று நான் நம்பவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். வருவீர்களா?

அன்புடன்,
கண்ணாடிக்காரி


மார்ச் 24

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

எழுதி எழுதிக் கிழித்ததில் பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

போன வருஷம் அங்கே வந்து கொஞ்ச நாள் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். நான் கட்டிலில் உட்கார்ந்து உன் சாவிச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். மாடிப்படியில் பார்த்தவர்களெல்லாம் "மேடத்தோட சாரா?" என்றார்கள். இங்கே நாலைந்து டாக்டர்கள் என் கைக்காகக் காத்திருக்கிறார்கள். பார்க்காமலே கையை நீட்டினாலும் இந்த மேஜையில் வேண்டிய சாமான் வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே வந்தால் மறுபடி முதலிலிருந்து. பயம் என்றே வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. பழகிவிட்டது.

கார் வாங்கிக்கொள். முடிந்தபோதெல்லாம் வா. நீ வந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

இப்படிக்கு,
பல்லுக்காரன்


ஜூன் 7

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்து சில நாள் ஆகிவிட்டது. சொல்ல மனம் வரவில்லை.

கார் கைக்கு வந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்தேன். நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கடைசியாக வந்தபோது மேஜையில் குனிந்திருந்தீர்கள். "வந்துட்டியா, அஞ்சே நிமிஷம்" என்றீர்கள். துணி மாற்றலாம் என்று என் அலமாரியைத் திறந்தேன். தட்டுத் தட்டாகப் பிளாஸ்டர் அச்சுகள். யார் யாருடைய வாய்களோ என்னைப் பார்த்துத் திறந்திருந்தன.

"இடம் பத்தல, அதான்" என்றீர்கள். "உன் துணியெல்லாம் பரண் மேல பெட்டில பத்திரமா இருக்கு."

அப்புறம் எனக்கு ஒரு புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தீர்கள், மடிப்புக் கலையாமல், விருந்தாளிக்குக் கொடுப்பது போல.

மறுநாள் மதியம் நீங்களே சமைத்துப் போட்டீர்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "எப்ப கிளம்புற?" என்றீர்கள்.

"ஏன்?"

"இல்ல, இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா நல்லது."

அக்கறையாகத்தான் கேட்டீர்கள். டயரைத் தட்டிப் பார்த்தீர்கள். முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தீர்கள். நான் வண்டியைத் திருப்பி முடிப்பதற்குள் உள்ளே மோட்டார் சத்தம் கேட்டது.

வழியில் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். பங்கில் வேலை செய்கிற பெண் வந்து ஜன்னலைத் தட்டினாள். "என்னக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லம்மா. வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

என் அறையில் தனியாக இருக்கும்போது, அந்தப் பக்கம் நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்ற தெம்பு இருந்தது. உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அதுவும் போய்விட்டது. இதை எப்படிச் சொன்னால் உங்களுக்கு வலிக்காது என்று தெரியவில்லை. எனக்கு வலிக்கிறது.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "இப்ப காசு வேணுமா? வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றார் மேனேஜர்.

"கேக்கல சார்" என்றேன்.

நான் சொன்ன அந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது, அதையே எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் குடி போகிறேன். வீட்டுக்கார அம்மாவிடம், நான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். தன் பல்லைப் பற்றி அவர் அப்புறம் பேச்செடுக்கவில்லை.

பரண் மேல் இருக்கிற துணிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. தூள் பறக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், இருமல் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
நான்


ஜூலை 12

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வேலையாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தையல்காரர், "மேடம் வண்டியக் காணோமே" என்றார். "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்றேன். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்த வாரம் கேட்கவில்லை. கேட்காதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மேஜையைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்காக என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் துணிகளை யாருக்கும் கொடுக்கவில்லை. இறக்கி, துவைத்து, அலமாரியில் வைத்தேன். உன்னைப் போல மடிக்க வரவில்லை, சுருட்டித்தான் வைத்திருக்கிறேன். அச்சுகளெல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

பழகிவிட்டது என்று எழுதினேன். நீ வருவாய் என்பதும் சேர்ந்துதான் பழகியிருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

உங்கள் ஊரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். ஒருமுறை நேரில் வந்து வேலையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். காட்டினால் பிடிக்குமா, தெரியாது. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். வந்தால் உன்னைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் போ என்று சொன்னாலும் சரி.

போன மாதக் கடைசியில், எப்படியும் உன் கைக்கு வந்துவிடும் என்று உன் பழைய அறைக்கே ஒரு கடிதம் போட்டேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. நீ எழுதியதை எல்லாம் எடுத்து வைத்துத் தேடிப் பார்த்தேன். மாடி எழுதியிருக்கிறாய், ஜன்னல் எழுதியிருக்கிறாய், குழாய்கூட எழுதியிருக்கிறாய். தெருவின் பெயர் எங்கேயும் இல்லை.

அதனால் இதை உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன். உறையின் மேல் உன் பெயருக்குப் பக்கத்தில் 'சொந்த விஷயம்' என்று எழுதியிருக்கிறேன். மேனேஜர் பிரிக்காமல் உன் கையில் கொடுத்தால் சரி.

வெள்ளிக்கிழமைக்குள் விலாசம் எழுது.

இப்படிக்கு,
உன் பல்லுக்காரன்